மாத்திரை சாப்பிட்டவர் காக்கி போடலாமா?

குடிமைப் பணித் தேர்வில் தேறி ஐ.பி.எஸ்.ஸுக்கோ ஐ.ஏ.எஸ்.ஸுக்கோ போகிறவர் மருத்துவப் பரிசோதனைக்கு முன்னால் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பல பத்தாண்டுகளாகத் தேர்வு விதிகளின் பின்னிணைப்பில் இருந்துவந்த படிவம் அது. பெரியம்மை வந்ததா, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் உண்டா, ரத்தம் துப்பியதுண்டா, மயங்கி விழுந்ததுண்டா என்று வரிசையாகக் கேட்கும். அதிக வேலையாலோ வேறு காரணத்தாலோ நரம்புத் தளர்ச்சி வந்ததுண்டா என்றும் கேட்கும். உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ காசநோய், கண்டமாலை, வலிப்பு, சித்தப்பிரமை இருந்ததா என்பது இன்னொரு கேள்வி. அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் என்ன வயதில் எதனால் இறந்தார்கள் என்று நிரப்பக் கட்டங்களும் உண்டு. கடைசியில் ஒரு குறிப்பு: தெரிந்தே மறைத்தால் வேலை போகும், சேர்ந்த பிறகு தெரியவந்தால் ஓய்வூதியமும் பணிக்கொடையும் போகும்.

எந்தக் காலத்துக் காகிதம் என்பது அதன் வாசனையிலேயே தெரிகிறது. கண்டமாலை என்றால் என்ன என்று இன்று விண்ணப்பிக்கிற இளைஞருக்குத் தெரியாது (கழுத்தில் கட்டிகளாக வரும் காசநோய்தான்). ஆனால் கேள்விக்குள் இருக்கிற எண்ணம் பழசாகவில்லை. மனம் ஒருமுறை தளர்ந்தால் அது ரத்தத்தில் இருக்கிறது, திரும்பவும் வரும், அந்தக் கையில் துப்பாக்கி கொடுக்கக் கூடாது என்ற எண்ணம். அதிகாரிக்கு ஒரு படிவம், கான்ஸ்டபிளுக்கு வேறு படிவம். எதுவானாலும் விண்ணப்பிக்கிறவர் மனசில் ஓடுவது ஒன்றுதான்: டாக்டரைப் பார்த்ததைச் சொல்வதா, விடுவதா? இதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வியும் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்க அரசுக்கு எதுவரை உரிமை?

ஒரு பையனை வைத்துக்கொள்வோம். விருதுநகர்ப் பக்கம் ஒரு கிராமம். கல்லூரி இரண்டாம் வருடத்தில் அப்பா போய்விட்டார். தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, படிப்பும் நின்றது. அக்காதான் இழுத்துக்கொண்டு போய் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டினாள். எஸிடலோபிராம் 10 மில்லிகிராம், ராத்திரி ஒன்று. எட்டு ஒன்பது மாதம் சாப்பிட்டான், டாக்டர் சொன்னபடி குறைத்து நிறுத்தினான், டிகிரியையும் முடித்தான். இப்போது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வைத் தாண்டி நிற்கிறான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடுகிறான், கயிறு ஏறுகிறான், உயரம் 170 சென்டிமீட்டருக்கு மேல், மூச்சை இழுத்தால் மார்பு 5 சென்டிமீட்டர் விரிகிறது. பீரோவில் பழைய ஓ.பி. சீட்டு கிடக்கிறது. அம்மா சொல்கிறாள்: "அதக் கிழிச்சுப் போட்ருய்யா. யாருக்கும் தெரிய வேணாம்."

அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-ல் தொடங்கியது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வைத்தியம் பார்த்த இடத்தின் பெயரை நம் ஊர் வசவாகத்தான் வைத்திருக்கிறது. சினிமா காமெடிக்கும் அதில் நல்ல பங்கு உண்டு.

எதிர்ப்பக்கத்துக் கவலையையும் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. பயிற்சி முடித்த காவலர் முதலில் போவது ஆயுதப்படைக்கோ தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்கோதான். பாரா நிற்கும்போது கையில் துப்பாக்கி; நேரம் நடு ராத்திரி; பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. பிறகு ஸ்டேஷனுக்கு வந்தால் லாக்கப்பில் இருப்பவன் உயிரோடு விடிவது அவர் பொறுப்பு. டாக்டரைப் பிடிக்கவில்லை என்றால் வேறு டாக்டரிடம் போகலாம். தன்னைப் பிடித்துவைத்திருக்கும் போலீஸ்காரரை எவரும் மாற்றிக்கொள்ள முடியாது. அந்தக் கையாலாகாத நிலையில் இருப்பவன் சார்பாகத்தான் அரசு கேள்வி கேட்கிறது. அந்த உரிமை அரசுக்கு உண்டு.

மருந்தைப் பற்றியும் கேட்கலாம், அதற்குக் காரணமும் உண்டு. லித்தியம் சாப்பிடுகிறவருக்கு உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகும். சித்திரைத் திருவிழா வெயிலில் பத்து மணி நேரம் பந்தோபஸ்து நிற்கிறவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. குளோனசெபாம் போட்டுக்கொண்டு ராத்திரி ரோந்து வண்டியை ஓட்டுவதும் அப்படித்தான். காதில் குரல் கேட்கிற நோய் இன்னும் அடங்காதவருக்கு, அண்மையில் உயிரை விட முயன்று மீண்டவருக்கு, இப்போது துப்பாக்கி வேலை கொடுக்கக் கூடாது. மற்றவர்களுக்காக மட்டுமல்ல, அவருக்காகவும். மனநல உரிமை பேசுகிறவர்கள் சிலர் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது நேர்மையில்லை.

ஆனால் இவை எல்லாமே இன்றைய நிலையைப் பற்றியவை. படிவமோ என்றைக்காவது வந்ததா என்று கேட்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மூன்றாவது பிரிவிலேயே இதைத் தொட்டுவிட்டது. முன்பு எடுத்த சிகிச்சையோ மருத்துவமனையில் இருந்ததோ கருத்தில் கொள்ளத்தக்கதுதான். ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவருக்கு இப்போது மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது அது. ஒருவருக்கு மனநோய் உண்டு என்று மருத்துவர் சொன்னாலும், நீதிமன்றம் அறிவிக்காதவரை அவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவராக எடுத்துக்கொள்ளவும் கூடாது. பழைய வாக்குமூலப் படிவத்தின் தர்க்கமும் இந்தச் சட்டத்தின் தர்க்கமும் ஒரே அலுவலகத்துக் கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது நம் நிர்வாகத்துக்குப் புதிதல்ல.

கடந்தகாலத்தை அளவுகோலாக வைப்பதில் அநீதியைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது தவறான ஆளைப் பிடிக்கிறது. அதே கிராமத்தில் இன்னொரு பையன் இருக்கிறான். அவனுக்கும் அதே இழப்பு, அதே தூக்கமின்மை. அவன் மனநலப் பிரிவுக்குப் போகவில்லை, டாஸ்மாக்குக்குப் போனான். கோபம் வந்தால் கை நீளும். அவனிடம் ஓ.பி. சீட்டு கிடையாது, மாத்திரை அட்டை கிடையாது. படிவத்தின் கண்ணுக்கு அவன் பூரண ஆரோக்கியம். தனக்கு ஏதோ சரியில்லை என்று உணர்ந்து, வரிசையில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டு எழுந்தவன் வெளியே நிற்பான். எதையும் உணராதவன் உள்ளே போவான். தன் மனசைத் தானே கவனித்துக்கொள்ளத் தெரிந்த ஆள் அல்லவா காவல் வேலைக்கு வேண்டும்?

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார்கள். சி.பி.ஐ. ஒன்பது போலீஸார் மீது கொலைக் குற்றம் சாட்டி விசாரணையை நடத்தியது. அந்த வழக்கில் பேசப்பட்டது யாருடைய மாத்திரைச் சீட்டும் அல்ல. லத்தி, மேசை, ரத்தக் கறை, உடன் நின்றவர்களின் மௌனம். லாக்கப்பில் இருப்பவனின் உயிருக்காகத்தான் மனநல வரலாற்றைக் கேட்கிறோம் என்று சொல்கிறவர்கள், அந்த உயிரைப் பறிக்கும் குணத்தைத் தேர்வின் எந்தக் கட்டத்தில் அளக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். மார்பை அளக்க டேப் இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் காவல்துறைக்கு முன்பே சந்தித்த தொழில் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2010 வரை மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் விமானிக்கு மூன்றே வழி: பறப்பதை விடுவது, மருந்தை விடுவது, இரண்டையும் விடாமல் பொய் சொல்வது. அந்த ஆண்டு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விதியை மாற்றியது. ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின், சிடலோபிராம், எஸிடலோபிராம் ஆகிய நான்கில் ஒன்றைச் சாப்பிட்டு நிலையாக இருப்பவர், மருத்துவச் சோதனையில் தேறினால் பறக்கலாம் என்றது. அதுவரை மறைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் முன்வந்து சொன்னால் நடவடிக்கை இல்லை என்றும் சேர்த்துச் சொன்னது. இது கருணை அல்ல, கணக்கு: மறைத்துப் பறக்கிறவரைவிடச் சொல்லிவிட்டுப் பறக்கிறவர் பயணிகளுக்குப் பாதுகாப்பு. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதி 150 பேர் சாகக் காரணமான துணை விமானி, வேலைக்குத் தகுதியில்லை என்று மருத்துவர் கொடுத்த சீட்டை நிறுவனத்துக்குக் காட்டாமல் மறைத்திருந்தார். அதைப் படித்துவிட்டு மனநோயாளியை விமானத்தில் ஏற்றாதே என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. சீட்டை ஏன் மறைத்தார் என்று கேட்பவர்கள் குறைவு.

வாசலில் கற்றுக்கொண்ட மறைப்பு வாசலோடு நிற்பதில்லை. ஓ.பி. சீட்டைக் கிழித்துவிட்டுச் சேர்ந்த பையன், பத்து வருடம் கழித்துத் தூக்கம் போகும்போது டாக்டரிடம் போவானா? போனால் பழைய கதையைச் சொல்ல வேண்டும். சொன்னால் மறைத்தது வெளிவரும். போகமாட்டான். மெடிக்கல் லீவில் வயிற்றுவலி என்று எழுதுவான். 2023 ஜூலையில் கோயம்புத்தூர் சரக டி.ஐ.ஜி. தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது, அவர் மன அழுத்தத்துக்குச் சிகிச்சையில் இருந்தவர் என்று காவல் உயரதிகாரியே சொன்னார். இப்படிப்பட்டவருக்கு எப்படி இந்தப் பதவி என்று உடனே கேட்டவர்கள் இருந்தார்கள். பல மாவட்டங்களில் எஸ்.பி.யாகப் பணியாற்றியவர் அவர் என்பது அந்தக் கேள்விக்குள் காணாமல் போயிற்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் உதவியோடு காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி என்று தமிழகக் காவல்துறை ஏற்கெனவே ஒன்றை நடத்தியிருக்கிறது. மனசைத் திறந்து பேசுங்கள் என்பதுதான் அதன் அழைப்பு. சேரும்போது பேசினால் கதவு மூடும் என்று பயப்பட்டவர், சேர்ந்த பிறகு இந்த அழைப்பை நம்புவது கஷ்டம்.

இனி அந்தப் பையன். அவன் பொய் சொல்லலாமா? அநீதியான கேள்விக்கு உண்மையான பதில் கடமையில்லை என்று வாதாட இடமுண்டு. ஆனாலும் நேராகக் கேட்டால் இல்லை என்று எழுதக் கூடாது என்பதே சரியாகப் படுகிறது. நாளைக்கு அவன் சாட்சிக்கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொல்வதை நம்பி ஒருவன் சிறைக்குப் போவான். அந்த வேலையின் முதல் காகிதத்திலேயே பொய்யை வைத்துவிட்டு உள்ளே போவது மற்ற வேலைகளில் பொய் சொல்வது போல அல்ல. கேட்காததைத் தானே போய்ச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. அந்த மௌனம் குற்றமும் இல்லை. அம்மாவின் நோயையோ தாத்தாவின் நோயையோ எழுதாமல் விட்டால் அதைப் பொய் என்றே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவர்கள் வேலைக்கு வரவில்லை.

மறைத்ததற்கான தண்டனையிலும் அளவு வேண்டும். குற்ற வழக்குகளை மறைத்துச் சேர்ந்தவர்கள் பற்றி 2016-ல் உச்ச நீதிமன்றம் அவதார் சிங் வழக்கில் வழிமுறை வகுத்தது. இளவயதில் கோஷம் போட்டதற்கான வழக்கு போன்ற அற்பமானதை மறைத்திருந்தால், வேலை தருபவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடக் கூடாது. போலீஸ் வழக்குக்கே இவ்வளவு நிதானம் உண்டென்றால், அப்பா செத்த துக்கத்துக்குச் சாப்பிட்ட மாத்திரைக்கு அதைவிடக் குறைவாக எப்படிக் கொடுப்பது?

நடுவழி உண்டா என்று கேட்டால், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒன்றைக் காட்டியது. சி.ஆர்.பி.எஃப். அதிகாரி ஒருவர் எண்ணச் சுழற்சி நோயாலும் அதையொட்டிய மனச்சோர்வாலும் அவதிப்பட்டவர். யாரையாவது கொன்றுவிடுவேன் என்று பேசியதாக மேலதிகாரி போலீஸில் புகார் கொடுத்தார். இடைநீக்கம், துறை விசாரணை என்று தொடர்ந்தது. நோயின் விளைவாக வந்த நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடு என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அவரைக் காக்கும். சம்பளம் குறையாமல் வேறு பணி கொடுக்க வேண்டும். அந்தப் பணியில் துப்பாக்கி அவர் கைக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ளலாம் என்றது. பயத்தையும் மதித்தது, மனிதரையும் விடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசு மத்திய ஆயுதப் படைகளின் போர்ப்பணிப் பதவிகளை அந்தப் பிரிவிலிருந்தே விலக்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கை கொடுப்பதற்கு முன்பே மறு கை எடுத்துக்கொண்டுவிட்டது.

ஆள் எடுக்கும் இடத்தில் இதைச் செய்வது அவ்வளவு சிரமமில்லை. மருத்துவக் குழுவில் ஒரு மனநல மருத்துவர் உட்கார வேண்டும். இப்போது என்ன மருந்து, என்ன அளவு, எவ்வளவு நாளாக நிலையாக இருக்கிறீர்கள், தூக்கம் எப்படி என்று அவர் கேட்கலாம். நிராகரித்தால் காரணம் எழுத்தில் வர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வேறு மருத்துவர்கள் வேண்டும். நிரந்தரம் என்று முத்திரை குத்துவதைவிட ஒரு வருடம் கழித்து வா என்று சொல்வதே பெரும்பாலும் போதும். ஆனால் வயது வரம்பு அந்த ஒரு வருடத்தை விழுங்கிவிடாமல் தளர்வு தர வேண்டும், இல்லையென்றால் அதுவும் நிரந்தரம்தான். பழைய மருத்துவரிடம் தேர்வு வாரியம் நேராகக் கேட்க முடியாது, நோயாளியின் ரகசியம் காப்பது 2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவு. கடிதத்தைப் பையனே வாங்கி வரட்டும். அதில் நோயின் பெயர்கூட வேண்டியதில்லை, இன்று ஆயுதத்தோடு இரவுப் பணி செய்யத் தகுதி உண்டா இல்லையா என்ற ஒரு வரி போதும். அந்த வரியும் மருத்துவக் கோப்பிலேயே இருக்கட்டும், எஸ்.பி. அலுவலக ரைட்டர் மேசைக்குப் போக வேண்டாம்.