இறைச்சிக்கு ஏன் எதிர்மறைப் பெயர்?

ஊன், புலால், இறைச்சி, கறி எனத் தமிழிலே சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் உணவு விடுதியின் பலகையிலே நாம் காணும் சொல் என்ன? 'அசைவம்'! சைவம் அல்லாதது என்பதே அதன் பொருள். இலையிலே இருப்பது இன்னது என்று கூறாமல், இன்னது அன்று என்று மட்டும் கூறும் விந்தைச் சொல் அது!

சைவம் ஒரு சமயத்தின் பெயர். அது சமையலின் பெயரானது எங்ஙனம்? திருமாலை வணங்கும் வைணவரின் புளியோதரையும் சைவமாம். சிவனுக்கே ஊன் படைத்த கண்ணப்பரை நாயன்மார் அறுபத்து மூவருள் ஒருவராகப் போற்றுகிறது பெரியபுராணம். அவர் படைத்த உணவோ அசைவமாம்! இம்முரண்பாட்டுக்கு விளக்கம் தருவார் யார்?

பழந்தமிழர் இப்படிக் கூசியதில்லை. அந்தணரான கபிலர், ஊன்சோறு உண்பதன்றி வேறு தொழில் அறியாததால் புலவர் கை மென்மையாயிற்று எனச் சேரமன்னனிடம் பாடினார். புறநானூற்றின் 14ஆம் பாட்டு அது. வள்ளுவர் ஊனுண்ணலை மறுத்தார். அந்த அதிகாரத்தின் பெயரும் 'புலால் மறுத்தல்' என்பதே. மறுப்புக்கு அவர் காட்டிய காரணம் அருள், பிறப்பு அன்று. அருள் கருதி ஊனை விலக்குவோரை மதிப்போம். பிறப்பைக் கருதி, உண்போரையே விலக்குவோரை?

வெறும் சொல்தானே, இதற்கேன் இத்தனை வாதம் என்பர் சிலர். 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் ஊனுண்போர். எஞ்சிய மூவரின் வழக்கம் அளவுகோல். தொண்ணூற்றேழு பேர் அதன் மறுதலை! வாடகை வீட்டின் வாயிலிலே 'சைவர்களுக்கு மட்டும்' என்ற அறிவிப்பு. சாதியைக் கேட்க நாணுகிறவன் சாப்பாட்டைக் கேட்கிறான். அவனுக்கு அச்சொல் திரை. வீடு தேடி வந்தவனுக்கோ தாழ்ப்பாள்.

தோழர்களே! காய்கறி உணவு, புலால் உணவு என்றே சொல்லிப் பழகுவோம். ஈழத்தமிழர் 'மரக்கறி' என்கிறார்களே, அதுவும் உள்ளதை உள்ளபடி உரைக்கும் சொல்தான். எதை உண்பது என்பதை அவரவர் உள்ளமும் உடலும் முடிவு செய்யட்டும். உண்பவனை 'அல்லாதவன்' ஆக்கும் உரிமை எவருக்கும் இல்லை. சொல்லை மாற்றினால் மட்டும் தாழ்ப்பாள் திறந்துவிடாது. ஆனால் திரை விலகும். திரை விலகினாலன்றித் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்?