அழைப்பும் விலக்கும்

யாழ்ப்பாணத்துச் சைவத் திருமணங்களில், தாலி கட்டுவதற்கு முன்னர் மணமகளின் தலையில் பாலும் அறுகும் வைத்து நீராட்டுவது வழக்கமாகும். விருந்துக்கு ஊரையே அழைப்போர், பாலறுகு வைப்பதற்குச் சிலரையே தெரிவு செய்கின்றனர். கணவனை இழந்தவள் அச்சிலருள் அடங்குவது அரிது. மணமகளைப் பெற்ற தாயாயினும் பெரும்பாலும் அவள் உள்ளறையிலேயே நின்றுவிடுகின்றாள்.

இத்தெரிவு நேற்றுத் தோன்றியதன்று. புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டியமையை அகநானூற்றின் 86 ஆம் பாடல் காட்டுகின்றது. ஆயினும், பழமை வேறு, நியாயம் வேறு. வாழ்த்துதற்குரிய தகுதி வாழ்த்துபவளின் மனத்தைப் பொறுத்ததா, அவள் கணவனின் ஆயுளைப் பொறுத்ததா?

‘அவளே விரும்பி ஒதுங்குகின்றாள்’ என்பது வீட்டார் கூறும் விடை. வசதியான விடைதான், விலக்கிய பழி எவரையும் சேராது, விலகியவளுக்கோ பண்புடையவள் என்ற பாராட்டும் கிட்டும்! அழைக்கப்படாதவள் வராதிருத்தலைச் சம்மதம் எனக் கொள்வது எங்ஙனம்? தன் கை பட்டால் மகளுக்குத் தீங்கு நேருமோ என அவள் உண்மையாகவே அஞ்சலாம். அவ்வச்சம் எள்ளத்தக்கதன்று. ஆனால் அதனை அவளுக்குக் கற்பித்தவர்களே இன்று அதனை அவளது விருப்பம் என்கின்றனர்.

முதல் அறுகை வைக்குமாறு மணமகளே தாயை அழைப்பாளாயின், தாய் மறுக்கவுங்கூடும். மறுப்பதற்கேனும் அப்பொழுதுதான் அவளுக்கு இடமுண்டாகும்.