சேற்றுக்குள் ஒரு மூச்சு



போன வாரம் நம் பண்ணைப்புரத்துக் கண்மாய்க் கரையில் நடந்துபோனேன். தண்ணீர் நடுவில் குட்டையாகச் சுருங்கிவிட்டது. ஓரத்துச் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பதினெட்டாம் கால்வாயில் எப்போது தண்ணீர் வரும் என்று நாம் காத்திருக்கிறோம். அதுவரைக்கும் அந்தக் குட்டைக்குள் இருக்கிற மீன்கள் என்ன செய்யும்?

தண்ணீர் சூடேறினால் அதில் ஆக்சிஜன் குறையும். ராத்திரியில் பாசியும் அதையே சுவாசிப்பதால், விடிகாலையில்தான் திணறல் அதிகம். கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பல செத்து மிதக்கும். விரால் அப்படியில்லை. செவுளுக்கு மேலே காற்றைப் பிடித்துவைக்க அதற்கு ஓர் அறையைப் படைத்தவர் வைத்திருக்கிறார். ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்கிவிடும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீனுக்கு இப்படியும் ஒரு சாவு! பனையேறிக் கெண்டையோ குட்டையை விட்டே கிளம்பி, தரையில் ஊர்ந்து வேறு தண்ணீர் தேடும். 1791-இல் தரங்கம்பாடியில் பனைமரத்தின் மேலேயே ஒன்றைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனியர் எழுதிவைத்தார். மரமேறுவது எப்படியோ, தரையில் ஊர்வது உண்மை.

குட்டையும் வற்றினால் விரால் ஈரச்சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். அசையாது, இரை தேடாது. இருக்கிற தெம்பைச் செலவழிக்காமல் கிடக்கும்.

மனிதருக்கும் இப்படி ஒரு கோடை வரும். "சாமி, செபமே வரமாட்டேங்குது" என்றார் ஒரு தாய். விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டம் போய்வருகிறவர். வீட்டில் கடன், கணவர் படுத்த படுக்கை. "செபமாலையை மட்டும் விட்டுடாதீங்கம்மா" என்று அவசரமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி முழுக்க உறுத்தியது. கோடையில் நீந்தவில்லையே என்று விராலை ஆண்டவர் கோபிப்பாரா? அசையாமல் கிடப்பதையே பாவமென்று எண்ணி உங்களில் எத்தனை பேர் மனம் வெம்பிக்கொண்டிருக்கிறீர்கள்?

இறைவாக்கினர் எலியா சூரைச்செடிக்குக் கீழே, போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிப் படுத்துவிட்டார். ஆண்டவர் அவரை அதட்டவில்லை. தூங்கவிட்டார். வானதூதர் எழுப்பி அப்பமும் தண்ணீரும் காட்டினார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தார், ஆண்டவர் மறுபடியும் தூங்கவிட்டார். எவ்வளவு பொறுமையான இரக்கம் பாருங்கள்!

செபிக்க முடியாதவர்கள் இன்று மாலை வந்து பின்வரிசையில் உட்காருங்கள். வாய் திறக்க வேண்டாம். ஒரு பெருமூச்சு வந்தால் விடுங்கள். செபமாலையை நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.