கரும்பலகையில் ஒரு பெயர்

தொடக்கப்பள்ளி ஆசிரியர் வகுப்பை விட்டுச் சிறிது நேரம் வெளியே செல்ல நேர்ந்தால், வகுப்புத் தலைவனை அழைத்து, பேசுகின்றவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைக்கும்படி சொல்லிச் செல்வது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். பெயர் எழுதப்படாத பிள்ளைகள் நல்லவர்கள், எழுதப்பட்டவர்கள் கெட்டவர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு பிள்ளையின் நன்னடத்தை பெரும்பாலும் இவ்வாறே கணக்கிடப்படுகிறது. நமக்கு மிகப் பழகிப்போன வழக்கமாதலால், இதில் ஆராய்வதற்கு ஏதும் இருப்பதாகத் தோன்றுவதில்லை. ஆயினும், அந்தக் கால் மணி நேரத்தில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது ஒழுக்கந்தானா என்னும் கேள்வியை நாம் எழுப்பிப் பார்க்கத்தான் வேண்டும்.

தலைவனாக நிற்கும் பிள்ளை, நண்பனின் பெயரை விட்டுவிடலாம் என்பதையும், பிடிக்காதவனின் பெயரை முதலில் எழுதலாம் என்பதையும் கற்கிறான். அமர்ந்திருக்கும் பிள்ளைகளோ உதடு அசையாமல் பேசக் கற்கிறார்கள். ஒரு மிட்டாயைக் கொடுத்துப் பெயரை அழிக்கச் செய்யவும் கற்கிறார்கள். மூன்று நாட்கள் தொடர்ந்து பெயர் எழுதப்பட்ட பிள்ளை, 'நான் இப்படிப்பட்டவன்தான்' என்று முடிவு கட்டிவிடுகிறான். ஏழு வயதில் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் அத்தீர்ப்பு, கரும்பலகையைத் துடைப்பதால் அழிந்துவிடுவதில்லை.

இது புதிய கவலை அன்று. தூனிஸ் நகரில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன், 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் மாணாக்கரிடம் கடுமை காட்டுவதன் தீங்கை ஆராய்ந்திருக்கிறார். அடக்குமுறையில் வளரும் பிள்ளை தண்டனைக்கு அஞ்சி உள்ளொன்றும் புறமொன்றுமாக நடக்கப் பழகுகிறது என்றும், அப்பழக்கமே நாளடைவில் அதன் இயல்பாகிவிடுகிறது என்றும் அவர் கண்டார். அவருக்கும் முற்பட்ட இமாம் கஸ்ஸாலி, 'இஹ்யா'வில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கூறுமிடத்து, முதன்முறை செய்த பிழையைக் கண்டும் காணாதது போல் விட்டுவிட வேண்டும், மீண்டும் செய்தால் தனிமையில் கண்டிக்க வேண்டும் என்கிறார். பிள்ளையின் நாணத்தைப் பறித்துவிட்டால் அதனைத் திருத்துவதற்குரிய கருவி நம் கையில் இல்லாமற் போய்விடும் அல்லவா? கரும்பலகையோ நாற்பது பேர் காணும் இடம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்தது. சட்டத்தின் முன் பிரம்புக்கு இடமில்லை. அதன் இடத்தில் இன்று பல வகுப்பறைகளில் நட்சத்திர ஒட்டிகள் வந்திருக்கின்றன. வாரம் முழுவதும் ஒழுங்காக இருந்தால் வெள்ளிக்கிழமை ஒரு நட்சத்திரம் கிடைக்கும். அச்சம் போய் ஆசை வந்தது நல்லதே. ஆயினும் கூலி பேசி வாங்கும் நன்மை எவ்வளவு நாள் நிலைக்கும்?

1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத் தக்கது. படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலையருள் சிலரிடம், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்னரே சொல்லப்பட்டது. சிலருக்கு அவ்வாறு சொல்லாமல், வரைந்த பின் அதே பரிசு கொடுக்கப்பட்டது. எஞ்சியோருக்குப் பரிசே இல்லை. சில நாட்களுக்குப் பின் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்களின் ஆர்வம் மட்டுமே வெகுவாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் அவ்வாறு குறையவில்லை. ஓவியத்துக்கும் ஒழுக்கத்துக்கும் வேறுபாடு உண்டு என்பது உண்மையே. எனினும் ஒரு செய்தி தெளிவாகிறது. நற்செயலைக் கண்டு மகிழ்ந்து பாராட்டுவது வேறு. நற்செயலுக்கு முன்கூட்டியே விலை பேசுவது வேறு. கஸ்ஸாலியும் நற்செயலுக்குப் பரிசும் பாராட்டும் வேண்டும் என்றே சொல்கிறார். அவர் சொல்வது செயலைக் கண்ட பின் அளிக்கும் பரிசை.

அப்படியானால் ஒழுக்கத்தை எங்கே கற்பிப்பது? அதே சட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டொன்றுக்கு 200 வேலை நாட்களையும் 800 கற்பித்தல் மணிகளையும் வரையறுக்கிறது. ஐந்து நாள் வாரத்துக்கு 20 மணி நேரம். ஒழுக்கம் அந்த 20 மணி நேரப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. எழுத்துக் கூட்டித் தடுமாறிப் படிக்கும் தோழியைப் பார்த்துச் சிரிக்காமல் காத்திருப்பதும், கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியவில்லை என்று எழுந்து சொல்வதும், பக்கத்துப் பிள்ளைக்கு அழிப்பானைக் கொடுப்பதும் ஒழுக்கமே. 'தெரியவில்லை' என்று அஞ்சாமல் சொல்லக்கூடிய வகுப்பில்தான் வாய்மை வளரும்.

வகுப்புத் தலைவனுக்கும் வேறு வேலை உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரு பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, முன்னேறிய மாணவனைக் கொண்டே இளையவனுக்குக் கற்பிக்கச் செய்தார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்திலும் பரவியது. நம் திண்ணைப்பள்ளிச் சட்டாம்பிள்ளையும் கற்பித்தவன்தான். தலைவன் கையிலுள்ள சுண்ணக்கட்டி பெயர் எழுதுவதற்குப் பதிலாக ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுமாயின், ஆசிரியர் இல்லாத கால் மணி நேரமும் பள்ளிக்கூடமாகவே இருக்கும்.

எஞ்சியிருப்பது நம் இல்லம். வாசலில் வந்து நிற்பவரிடம் 'வாப்பா வீட்டில் இல்லை' என்று சொல்லிவிட்டு வரும்படி பிள்ளையை அனுப்பும் வீட்டில், பள்ளியின் எந்த நட்சத்திரமும் ஒளி தராது. வெள்ளிக்கிழமை மாலை பிள்ளை திரும்பி வந்ததும், 'எத்தனை நட்சத்திரம் வாங்கினாய்?' என்பதை விடுத்து, 'இந்த வாரம் என்ன கற்றாய்? யாருடன் சேர்ந்து கற்றாய்?' என்று கேட்போம். வெளியே சென்ற ஆசிரியர் சற்று நேரத்தில் திரும்பி வந்துவிடுவார். யாரும் பெயர் எழுதாத நீண்ட ஆண்டுகளும் அப்பிள்ளைக்கு முன்னே இருக்கின்றன. அந்த ஆண்டுகளுக்காகவே நாம் அதனைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்.