காத்தவர் பாதம்

சேலம், நாமக்கல் சமவெளியில் எந்த ஊரில் நின்று பார்த்தாலும் ஏதாவது ஒரு மலை கண்ணில் படும். வடக்கே சேர்வராயன், மேற்கே கஞ்சமலை, தென்கிழக்கே ஜருகுமலை, ராசிபுரம் பக்கம் போனால் போதமலையும் அலவாய்மலையும், சேந்தமங்கலத்தை நெருங்கினால் நைனாமலை, அதையும் தாண்டினால் கொல்லிமலை. எங்களுக்கு மலைதான் திசை, மலைதான் வானிலை அறிக்கை. கொல்லிமலை உச்சி கறுத்தால் ஜவ்வரிசி ஆலைக் களத்தில் காய்வதை அள்ளச் சொல்லிக் குரல் கேட்கும். இத்தனை நெருக்கமாக இருந்தும், அந்த மலைகளுக்கும் நமக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை நாம் கணக்குப் பார்த்ததில்லை.

கணக்கு ஆற்றில் ஓடுகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் நுழைந்து, நம் சாக்கடையையும் சாயத்தையும் சுமந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்க் காவிரியில் சேர்கிறது. சரபங்காவும் அதே மலையில் பிறந்ததுதான். கொல்லிமலையின் ஐயாறு அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடி, ஆகாய கங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலைப் பக்கம் இறங்கித் திருச்சி மாவட்டத்துக்குள் போகிறது. மேலே பெய்த மழை அங்கே எத்தனை நாள் தங்குகிறதோ, அதை வைத்துத்தான் கீழே கிணற்றில் மாசி, பங்குனிக்குத் தண்ணீர் இருக்கும். சரிவு மழையைப் பிடித்து வைக்காமல் உடனே விட்டுவிட்டால், வெள்ளமும் நமக்குத்தான், அதற்குப் பின் வரும் வறட்சியும் நமக்குத்தான்.

மழையை அப்படி அவசரப்படுத்துவதில் மனிதன் நடக்கும் ஒற்றையடிப் பாதைக்கும் பங்கு உண்டு. நடக்க நடக்க மண் இறுகும். இறுகிய மண் நீரை உறிஞ்சாது. சரிவில் இறங்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தைக் கண்டதும் அதிலேயே ஓடத் தொடங்கும். முதல் மழையில் மேல்மண் போகும், அடுத்த மழையில் சரளை போகும், பிறகு மரவேர்கள் அந்தரத்தில் தொங்கும். பாதை பள்ளமானதும் நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள். அந்த ஓரமும் இறுகும். இன்னும் மோசமானது குறுக்கு வழி. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே அவசரக்காரர் ஒருவர் செங்குத்தாக இறங்குகிறார். பின்னால் வருபவர்கள் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு ஐப்பசி மழை போதும், அது ஓடையாகிவிடும். ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய், தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த மண்ணைக் கீழே அனுப்பிவிடுகிறோம்.

கொல்லிமலை அடிவாரத்திலிருந்து ஏறும் பழைய பாதை ஒன்றில், வனத்துறையின் அனுமதியோடு, மழைக்கு முந்தைய வாரங்களில் நாங்கள் சிலர் வேலைக்குப் போவதுண்டு. கடப்பாரை, மண்வெட்டி, வெட்டரிவாள், இரும்புச் சட்டி, அவ்வளவுதான் கருவி. எங்களுக்கு வேலை சொல்லிக் கொடுப்பவர் மலையாளி என்னும் மலைவாழ் குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர். முதல் முறை போனபோது பாதைக்குக் குறுக்கே நீளமான கல் ஒன்றைப் பதித்துக்கொண்டிருந்தோம், தண்ணீரைத் தடுக்கிறோம் என்ற நினைப்பில். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “மறிச்சு வெக்காதீங்க தம்பி. மறிச்சா ஒடச்சிக்கிட்டுப் போயிரும். சாய்ச்சு வெச்சா அதுவா எறங்கிக்கும்.”

“எவ்வளவு சாய்க்கணுங்க ஐயா?”

அவர் பதில் சொல்லாமல் எங்கள் தண்ணீர் பாட்டிலை வாங்கினார். கல்லுக்கு மேலே இரண்டு முழம் தள்ளி, பாதையில் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் ஒரு காய்ந்த இலையை இழுத்துக்கொண்டு வந்து கல்லில் முட்டியது, அங்கேயே தேங்கியது, பிறகு கல்லின் மேல்முனையைச் சுற்றிக்கொண்டு மறுபடி பாதைக்குள் இறங்கியது. கடப்பாரையால் கல்லின் கீழ்முனையை ஒரு சாண் இறக்கி வைத்தார். மறுபடி ஊற்றினார். இந்த முறை இலை கல்லோடு ஒட்டி நகர்ந்து, பாதையின் சரிவோரத்தைத் தாண்டி, புல்லுக்குள் போய் நின்றது. தண்ணீர் அங்கே மண்ணுக்குள் இறங்கிவிட்டது. கல்லில் முக்கால் பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்றார். அது வெளியே தள்ளும் இடத்தில் உடைகல் பரப்பச் சொன்னார், இல்லையென்றால் அங்கே புதுப் பள்ளம் விழும். வருடத்துக்கு ஒருமுறையாவது கல்லுக்கு மேல்பக்கம் சேரும் மண்ணை வாரிவிட வேண்டும். வாரவில்லை என்றால் மண் கல்லின் மட்டத்துக்கு ஏறிவிடும், தண்ணீர் கல்லைத் தாண்டிப் பழையபடி பாதையிலேயே ஓடும்.

இளைப்பாற உட்கார்ந்தபோது அவரே பேச்சை எடுத்தார். “எங்க அப்பன் காலத்துல நோம்பிக்கு முந்தி ஊருக்கு இவ்வளவு தூரம்னு பங்கு இருந்துச்சு. ரோடு வந்தப்புறம் யாரு பாக்கறா.” அவர் குறைபட்டுச் சொல்லவில்லை. ரோடு வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலை இல்லாவிட்டால் அவர் வீட்டுப் பிரசவம் எந்த மருத்துவமனையை எட்டும்? ராசிபுரத்தை ஒட்டிய போதமலைக்குத் தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் தலைச்சுமையாகப் போயின. அண்மை ஆண்டுகளில்தான் அங்கே சாலைப் பணி தொடங்கியது. சாலை வருவது நியாயம். ஆனால் சாலை வந்ததும் பழைய பாதைக்கு ஆள் இல்லாமல் போகிறது. நடப்பது நின்றாலும் தண்ணீர் நிற்பதில்லை.

சமவெளிக்காரர்களாகிய நாங்கள் மலைக்கு உதவப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளும்போது எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் வரும். கொல்லிமலைச் சரிவுகளில் சாமையும் தினையும் பனிவரகும் கேழ்வரகும் விளைந்த இடங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறியது யாருக்காக? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முளைத்துச் சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் என்று பரவிய ஜவ்வரிசி ஆலைகளுக்காக. கிழங்கைப் பிடுங்கும்போது மண் முழுவதும் புரளும். சரிவு நிலத்தில் அப்படிப் புரட்டிய மண் அடுத்த மழைக்குத் தங்காது. மலைக்காரரைக் குறை சொல்ல இதில் இடமில்லை. கையில் காசு தரும் பயிரை அவர் விதைத்தார், அந்தக் காசை வைத்திருந்தவர்கள் நாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே சிறுதானிய விதைகளைக் காக்கவும், அவற்றைக் குத்திப் பக்குவப்படுத்தும் பெண்களின் பாடு குறையவும் வேலை செய்திருக்கிறது. சேர்வராயனிலும் கொல்லியிலும் பாக்சைட் வெட்டி எடுத்த சுரங்கங்கள் வேறு. ஆகவே மண்வெட்டியோடு மேலே போகிற நாங்கள் கொடையாளிகள் அல்லர். பழைய பாக்கிக்கு வட்டியில் ஒரு பகுதியைக் கட்டப் போகிறவர்கள்.

பாதையை விடக் காடு இன்னும் பொறுமை கேட்கிறது. அடிவாரத்திலிருந்து மேல்வரை உண்ணிச்செடி அடர்ந்து கிடக்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி, இன்று இந்தியக் காடுகளில் புல்லையும் மரக்கன்றையும் எழவிடாமல் மூடி நிற்கிறது. தரைமட்டத்தில் வெட்டினால் இன்னும் அடர்ந்து துளிர்க்கும். மண்ணுக்குள் இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில் தாய்வேரைத் துண்டித்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும்; அதையும் பழம் பழுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். அடுத்த வருடம் வந்து பார்த்தால், விதையிலிருந்து முளைத்த குட்டிச் செடிகள் தரையெல்லாம் நிற்கும். அவற்றைக் கையால் பிடுங்க வேண்டும். அதற்கடுத்த வருடமும் பிடுங்க வேண்டும். பறவைகள் வேறு புதரிலிருந்து விதை கொண்டுவந்துகொண்டே இருக்கும்.

முதல் வருடம் நிறையப் பேர் வருகிறார்கள். பெரிய புதரைச் சாய்ப்பதில் ஒரு வேகம் இருக்கிறது, முன்னும் பின்னும் படம் எடுக்கலாம். குட்டிச் செடி பிடுங்குகிற வருடம் வண்டி பாதிகூட நிறைவதில்லை. மரக்கன்று நடுவதிலும் இதே கதைதான். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று கன்று நடுகிறோம். நம் பக்கத்தில் நம்பக்கூடிய மழை ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில்தான். நட்டவர் போய்விடுகிறார், கன்று மழைக்குக் காத்திருக்கிறது. திருவண்ணாமலையில் வெறுமையாகக் கிடந்த மலையில் 1980களின் பிற்பகுதியிலிருந்து மரம் வளர்க்கிறவர்களைக் கேட்டால், நடுவதைப் போலவே தீத்தடுப்புக் கோட்டைப் பற்றியும் பேசுவார்கள். ஒவ்வொரு கோடைக்கு முன்னும் காய்ந்த புல்லைச் செதுக்கி எடுக்காவிட்டால், பல ஆண்டு வளர்த்தது ஒரே பிற்பகலில் போய்விடும். அந்தக் கோட்டில் பூப்பதற்கும் காய்ப்பதற்கும் எதுவும் இல்லை. தீ வராத வருடத்தில் அந்த வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது.

கொடைக்கானலுக்கு அருகே வட்டக்கானலில் 1980களில் வந்து தங்கிய பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற இருவர் சோலை மரங்களுக்கு நாற்றங்கால் வைத்துப் பல்லாண்டு உழைத்தார்கள். அவர்கள் கண்டு சொன்னவற்றில் என் மனதில் நின்றது ஒன்று: பழைய சீகை, யூகலிப்டஸ் தோப்புகளின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக எழுந்துகொண்டிருந்தன. அவசரப்பட்டு அந்தத் தோப்புகளை மொத்தமாக வெட்டினால் அடியில் எழும் சோலையும் போய்விடும் என்றார்கள். ஒரே இடத்துக்கு வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போகிறவர் கண்ணுக்கு மட்டுமே அப்படி ஒன்று தெரியும்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதையை 1921இல் பென்டன் மக்கே என்பவர் முன்மொழிந்தார், அது 1937இல் முழுமை பெற்றது. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளம். அது இன்றும் நடக்கத்தக்கதாக இருப்பதற்குக் காரணம், ஊர் ஊராக உள்ள மன்றங்கள் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டு, அந்தத் துண்டை விடாமல் பார்ப்பதுதான். படித்தபோது எனக்குக் கொல்லிமலைப் பெரியவர் சொன்ன பங்குதான் நினைவுக்கு வந்தது. சமவெளியில் நம் முன்னோரும் இதைத்தான் செய்தார்கள். ஏரி வரத்துக்கால் தூர்வாருவது, கரையில் விழுந்த உடைப்பை அடைப்பது, மதகருகே முளைத்த செடியைப் பிடுங்குவது எல்லாம் குடிமராமத்து. 1858இல் சென்னை மாகாணத்துக்கென வந்த ஒரு சட்டம் அந்தப் பழக்கத்தைக் கட்டாய உழைப்பாக எழுதியது. சட்டத்தில் ஏறிய பிறகும் அது தேய்ந்துகொண்டே வந்தது. ஏரி ஊருக்குச் சொந்தமாக இருந்தவரை ஊர் இறங்கியது. அரசுக்குச் சொந்தமானதும் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது.

அதற்கும் முன்னால், 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர் ஊர்ச் சபையில் ஏரியைக் கவனிக்கவென்றே ஒரு வாரியம் இருந்தது. சோழர் காலத்துக் கொடைக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு அவற்றின் முடிவில் வரும் ஒரு வாசகம் பழகியிருக்கும். ஏரிக்கோ, கோயில் விளக்குக்கோ நிலமும் பொன்னும் கொடுத்தவர், கொடுத்ததையெல்லாம் சொல்லி முடித்தபின், இந்த அறத்தைக் காப்பவருடைய பாதம் தன் தலைமேல் என்று பொறித்து வைக்கிறார். கொடுத்தவர் பெரிய அதிகாரியாக இருப்பார், பெருவணிகராக இருப்பார், சில சமயம் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். காக்கப் போகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாது. இன்னும் பிறக்காதவராக இருக்கலாம், மண்வெட்டி பிடிக்கும் கூலியாளாக இருக்கலாம். அந்த முகம் தெரியாத காலைத்தான் அவர் தன் தலையில் ஏற்கிறார். கட்டியவருக்கு ஏரி ஒருமுறைதான் உண்டாகிறது. அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கு முன்பும் அதை மறுபடி உண்டாக்குகிறவர் தூர்வாருகிறவர். அவர் ஒரு வருடம் வராவிட்டால், கட்டியவரின் பெயர் பொறித்த கல் மட்டும் மிஞ்சும். இதை நன்றாக அறிந்திருந்ததால்தான் கொடையாளி அப்படிக் குனிந்திருக்கிறார். நட்டவருக்கும் திறந்துவைத்தவருக்கும் பலகை வைக்கும் நாம், அவர்கள் வைத்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். கொல்லிமலைப் பாதையை முதலில் வெட்டியவர் யாரென்று எந்தக் கல்லிலும் இல்லை. சாமை மூட்டையும் நோயாளியும் அதில் இறங்கிய காலமெல்லாம் அதைப் பாதையாக வைத்திருந்தவர்கள், நோம்பிக்கு முந்தி தம் பங்கைச் செதுக்கிய அந்த ஊர்க்காரர்கள்.

இந்த வருடம் எங்கள் துண்டில் இரண்டாம் வளைவுக்கு மேலே ஒரு கல் ஆடுகிறது, எடுத்து மறுபடி பதிக்க வேண்டும். அதற்குக் கீழே குறுக்கு வழியை அடைத்துப் போட்ட முள் மக்கிவிட்டது, புது முள் வெட்டிப் போட வேண்டும். உண்ணிக் குட்டிகள் முழங்கால் உயரம் வந்திருக்கும். புரட்டாசி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று பெரியவர் சொல்லியனுப்பியிருக்கிறார். வனத்துறைக்கு அனுமதிக் கடிதம் கொடுத்தாயிற்று, கடப்பாரை ஒன்று குறைகிறது.