நட்டமும் நடுவுநிலையும்

உலகத்தில் பெருங் குற்றங்களைக் குறித்து எழுதுவாரும் பேசுவாரும் மிகப் பலர். கொலை தீது, களவு தீது, பொய்ச்சான்று தீது என்பவற்றை நமக்கு ஒருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால், நாடோறும் நம் கைவழியே நிகழும் சிறு கொடுக்கல் வாங்கல்களில், களவென்று சொல்ல நாக் கூசும் களவு எத்துணை உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சாலையில் இரண்டு மோட்டார் வண்டிகள் மெல்ல இடித்துக்கொள்கின்றன. எவருக்கும் காயமில்லை. இருவரும் இறங்கிப் பார்க்கின்றனர். "வெளியிலேயே முடித்துக்கொள்வோம்" என்கிறார் ஒருவர். மற்றவர் இசைகிறார். ஒரு தொகை பேசப்படுகிறது. அத்தொகை எங்கிருந்து பிறந்தது? அதை நிறுத்துக் கொடுத்த தராசு யாருடையது? இதுவே நாம் இங்கு ஆராயப் புகுந்த கேள்வி.

இக்கேள்வி நமக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. கிள்ளானுக்கு அப்பால் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாம் கிராணி வேலை பார்த்து வருகிறோம். சென்ற தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமையன்று, துணிமணி வாங்கும் பொருட்டுக் கூட்டரசு நெடுஞ்சாலை வழியே கோலாலம்பூர் சென்றோம். செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையில், வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. அப்போது பின்னால் வந்த பழைய சிறு கார் ஒன்று நம் வண்டியின் பின் பம்பரில் இடித்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். கிள்ளானில் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை என்றார். "அண்ணே, தப்பு என்மேலதான். போலீசு வேண்டாம்ணே. எவ்வளவுன்னு சொல்லுங்க, கொடுத்திடுறேன்" என்று கைகூப்பினார்.

நமக்குப் பழக்கமான போர்மேனைத் தொலைபேசியில் அழைத்தோம், படமும் அனுப்பினோம். "பம்பரைக் கழற்றாம சரியாச் சொல்ல முடியாதுங்க. ஐந்நூறிலும் முடியலாம், தொள்ளாயிரமும் ஆகலாம்" என்றார் அவர். நாம் இளைஞரிடம் திரும்பி, "தொள்ளாயிரம் ஆகுமாம் தம்பி" என்றோம். ஐந்நூறு என்னும் சொல் நம் வாயினின்றும் வரவில்லை. அவர் முகம் வாடியதைக் கண்டு, "சரி, எண்ணூறு கொடுங்க" என்று நூறு ரிங்கிட்டைக் குறைத்தோம். அப்படிக் குறைத்தபோது, ஏழைக்கு இரங்கியவர் நாம் என்றதொரு பெருமிதமும் நம் உள்ளத்தே எழுந்தது. கையிலிருந்த முந்நூறை அவர் அங்கேயே கொடுத்தார். மீதி ஐந்நூறை இரண்டு தவணையாக வங்கி வழியே அனுப்பிவைத்தார்.

நிற்க. இத்தகைய இசைவை மக்கள் நாடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. குற்றமிழைத்தவர் காவல் நிலையம் சென்றால் வழக்கமாக 300 ரிங்கிட் தண்டம் கட்ட வேண்டும்; ஒரு நாள் வேலையும் கெடும். அதனினும் பெரிது காப்புறுதிக் கணக்கு. ஐந்தாண்டு ஈடு கோராதிருந்த கார்க்காரருக்கு நம் நாட்டில் 55 விழுக்காடு கழிவு உண்டு. அவர்மேல் ஒருமுறை ஈடு கோரப்பட்டால் அக்கழிவு அற்றுப்போகும். பின்னர் 25, 30, 38.33, 45 என்று ஆண்டுக்கொரு படியாக ஏறித்தான் மீண்டும் 55ஐ எட்டும். அடிப்படைக் கட்டணம் 1000 ரிங்கிட் என்று வைத்துக் கூட்டிப் பார்த்தால், அதற்குள் அவர் மிகுதியாகக் கட்டுவது ஏறக்குறைய 1367 ரிங்கிட் ஆகிறது. ஆகவே, ஐந்நூறு ஆயிரம் ரிங்கிட் சேதத்தை வெளியிலேயே முடித்துக்கொள்ள விரும்புகிறவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒன்று. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், விபத்துக்குள்ளான ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் காவல் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. பணத்தைப் பற்றி இருவர் இசைந்துகொள்வதனால் அக்கடமை நீங்கிவிடாது. நாமும் அன்று அதைச் செய்யவில்லை. இது நம் முதற் பிழை.

இரண்டு வாரம் கழித்து வண்டியைக் கிள்ளானிலுள்ள பட்டறைக்குக் கொண்டு சென்றோம். பம்பரின் இயல்பை அறியாதவர் வெளித் தோற்றத்தைக் கொண்டு விலை கூறி ஏமாறுவர். இக்காலத்துப் பம்பர் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்கினால் ஆனது. அடிபட்டால் உள்வாங்கி, மீண்டும் தன் வடிவத்துக்கு வந்துவிடுவதும் உண்டு. அதன் பின்னால் மறைந்திருக்கும் இரும்புச் சட்டமே அடியைத் தாங்குவது. வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே சட்டம் வளைந்திருக்கக்கூடும். வெளியே பார்க்கச் சகிக்காதபடி சிதைந்திருந்தும் உள்ளே யாதொரு கேடும் இல்லாதிருக்கவும் கூடும். நம் வண்டி இரண்டாம் வகையாக இருந்தது. சட்டத்துக்குச் சேதமில்லை. சில கிளிப்புகளும் ஒரு தாங்கியும் மாற்ற வேண்டியிருந்தன. பிறகு தேய்த்து, புட்டி பூசி, அடிச்சாயம், நிறச்சாயம், மேலே பளபளப்புப் பூச்சு என்று முடித்தார்கள். ஆக மொத்தம் 430 ரிங்கிட்.

எண்ணூறில் நானூற்று முப்பது போக, முந்நூற்று எழுபது நம் கையில் நின்றது. போர்மேன் நம் வண்டியின் இடக் கதவைப் பார்த்தார். அதில் ஒரு பழைய கீறல் இருந்தது. தோட்டத்துச் சாமான் கிடங்கின் தூணில் நாமே உரசிக்கொண்டது அது. "காசுதான் மீதி இருக்கே, கதவையும் சேர்த்து அடிச்சிடவா?" என்றார். ஆம் என்று சொல்ல நாம் வாயெடுத்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஏனோ, "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லித் திரும்பிவிட்டோம்.

அன்றிரவு நம் மனமே வழக்கறிஞராக நின்று நமக்காக வாதாடியது. அவ்வாதங்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதல் வாதம்: அவர் மனமொப்பித்தான் கொடுத்தார். மெய். ஆனால் எதற்கு ஒப்பினார்? தொள்ளாயிரம் ஆகும் என்ற நம் சொல்லை நம்பி ஒப்பினார். ஐந்நூறிலும் முடியலாம் என்று கேட்டிருந்தால் அதே தொகைக்கு ஒப்பியிருப்பாரா? பாதி உண்மையைக் கேட்டவரின் சம்மதம் பாதிச் சம்மதமே.

இரண்டாம் வாதம்: நமக்கு அலைச்சல் உண்டு, இரண்டு நாள் வண்டியில்லை. இது நேரிய வாதம். பழுது பார்க்கும் நாட்களில் வண்டியின் பயன் இழந்ததற்கும் ஈடு உண்டென்பதைக் காப்புறுதித் துறையும் ஒப்புகிறது. ஆனால் கணக்கென்றால் கணக்காகவே இருத்தல் வேண்டும். அவ்விரண்டு நாளும் நாம் போக்குவரத்துக்குச் செலவிட்டது 40 ரிங்கிட். அதை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. அலைச்சல் என்னும் பெயரால் எஞ்சிய முழுவதையும் எடுத்துக்கொள்ள உரிமை இல்லை.

ஈட்டுக்கு ஓர் எல்லை உண்டென்பது உலகம் ஒப்பிய நெறி. 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. வீடொன்றை விற்க இசைந்திருந்தவர், விற்பனை முடியுமுன் அவ்வீடு தீயால் சேதமுறவே, காப்புறுதிப் பணம் பெற்றார். பின்னர் வாங்குபவரிடமிருந்து முழு விலையையும் பெற்றார். காப்புறுதிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நட்டமடைந்தவர் முழு ஈடு பெறலாம், அதற்கு மேல் பெறலாகாது என்பதே அதன் சாரம். நம் நாட்டிலும், ஐந்தாண்டான காருக்குப் புதிய அசல் பாகம் பூட்டினால் அதன் விலையில் 15 விழுக்காட்டையும், பத்தாண்டும் அதற்கு மேலும் ஆன காருக்கு 40 விழுக்காடு வரையிலும் வண்டிக்காரரே ஏற்பது காப்புறுதி வழக்கம். பழையதை இழந்தவர் புதியதைப் பெற்று ஆதாயம் அடையலாகாது என்னும் கருத்தே அதற்குக் காரணம். பம்பர் முழுதும் சாயம் பூசியதில் அதன் மூலையிலிருந்த நம் பழைய கீறலும் மறைந்தது. அது தவிர்க்க முடியாதது. அதற்கென்று ஒரு காசும் கூடவில்லை. கதவின் கீறலோ அவ்வாறன்று.

மூன்றாம் வாதமே வலியது. அது வருமாறு: "உள்ளே சட்டம் வளைந்திருந்து ஆயிரத்து ஐந்நூறு ஆகியிருந்தால் நட்டம் நம்முடையதன்றோ? அந்தத் துணிவை மேற்கொண்டவர்க்கு மிச்சமும் உரியதுதானே?" சட்டமும் இதற்கு ஒருவாறு துணை நிற்கிறது. கடன் முழுவதற்கும் ஈடாகவென்று அனுப்பப்பட்ட குறைந்த தொகைக் காசோலையை மாற்றிக்கொண்டவர், பின்னர் மீதியைக் கேட்க முடியாது என்று நம் கூட்டரசு நீதிமன்றம் 1966ஆம் ஆண்டில் தீர்த்தது. தீர்ந்த கணக்கு தீர்ந்ததே. அவ்வாறாயின் இருபுறமும் கதவு அடைபட்டுவிட்டது. கூடினாலும் குறைந்தாலும் அவரவர் பாடு.

ஆனால் நம் நெஞ்சின் கதவு அவ்வாறு அடைபட்டிருந்ததா? இதைத்தான் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த இளைஞரின் தொலைபேசி எண்ணை நாம் அழிக்கவில்லை. பம்பரைக் கழற்றும்போது, "செலவு கூடினால் அந்தத் தம்பியைக் கூப்பிட வேண்டியதுதான்" என்று போர்மேனிடம் நம் வாயாலேயே சொல்லியிருந்தோம். செலவு கூடினால் அழைப்போம் என்றால், குறைந்தாலும் அழைத்தாக வேண்டும். கூடினால் அவர் நட்டம், குறைந்தால் நம் லாபம் என்று எண்ணுகிறவர் எந்தத் துணிவையும் மேற்கொண்டவரல்லர். இங்கே ஒரு பக்கம் மட்டும் சாயும் தராசைத்தான் நாம் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இனி, இரக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில் நட்டத்தைச் சரிசெய்யும் நீதியை ஆராயுமிடத்து, அந்நீதி ஆளைப் பாராது, நட்டத்தின் அளவையே பார்க்கும் என்கிறார். இழைத்தவர் நல்லவரா தீயவரா என்பது அங்கே கேள்வியன்று. அவரே பிறிதோரிடத்தில், சட்டம் தம் பக்கம் இருந்தும் தமக்குரியதிற் குறைத்துப் பெற்றுக்கொள்ளும் மனிதரைச் சிறப்பித்துக் கூறுகிறார். இவ்விரண்டுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் உண்மையான நட்டம் இன்னதென்று சொல்லுதல். அதன்பின், விரும்பினால், விட்டுக் கொடுத்தல். நாம் அன்று செய்தது வேறு. உயர்த்திச் சொன்ன தொகையில் நூறைக் குறைத்துவிட்டு, அதற்குத் தயவென்று பெயரிட்டோம். இல்லாததைக் கேட்டு அதில் கொஞ்சம் விட்டுக் கொடுப்பதில் என்ன தயவு இருக்கிறது?

நாம் கிராணி. ஆட்களின் வேலை நாட்களைக் கணக்கில் பதிவதே நம் பிழைப்பு. ஆகவே நமக்குப் புரியும் கணக்கில் இதைப் போட்டுப் பார்த்தோம். 2025ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1700 ரிங்கிட். 26 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். நானூற்று முப்பதும் நாற்பதும் கழித்து நம்மிடம் எஞ்சியது 330 ரிங்கிட். அதாவது, ஐந்து நாள் கூலி. தோட்டத்தில் ஓர் ஆளின் பெயருக்கு எதிரே ஐந்து நாளைக் குறைத்து எழுதி, அப்பணத்தை நாம் எடுத்துக்கொண்டோமானால் நமக்கு என்ன பெயர்? அவ்வாறு செய்த பழங்காலத்துக் கிராணிமார்களைப் பற்றி நம் பாட்டன்மார் சொன்ன கதைகளைக் கேட்டு நாம் பல்லைக் கடித்ததுண்டு. பிரிக்பீல்ட்ஸ் சாலையோரத்தில் நின்று, கணக்குப் புத்தகம் இல்லாமலே, நாமும் அதைச் செய்திருக்கிறோம்.

மறுநாள் மாலை அவ்விளைஞரை அழைத்தோம். எடுத்தவுடன் அவர் சொன்னது இது: "அண்ணே, எல்லாத்தையும் கொடுத்துட்டேனேண்ணே!" நம் குரலைக் கேட்ட மாத்திரத்தில், இன்னும் கேட்கப் போகிறோம் என்றே அவர் அஞ்சினார். நாம் செலவுச் சீட்டின் படத்தை அனுப்பி, 330 ரிங்கிட்டையும் திருப்பி அனுப்பினோம். "பரவாயில்லைண்ணே" என்றார். அதை நாம் பாராட்டாகக் கொள்ளவில்லை. அது அவருடைய பணம். நாம் மூன்று நாள் தாமதித்துக் கொடுத்தோம், அவ்வளவே.

இதிலிருந்து நேயர்கள் கைக்கொள்ளத் தக்கவை சில. எவருக்கேனும் காயம் பட்டிருந்தால் வெளியில் முடித்துக்கொள்ளும் பேச்சே கூடாது. பிறர் உடம்புக்கு விலை கூற நமக்கு உரிமையில்லை. காயமில்லையாயினும் படம் எடுத்து, பெயரும் வண்டி எண்ணும் மாற்றிக்கொண்டு, காவல் நிலையத்தில் அறிவித்துவிடுக. பம்பரைக் கழற்றிப் பாராமுன் முடிந்த தொகை பேசற்க. பட்டறைக்காரர் எழுதித் தரும் மதிப்பீட்டை இருவரும் காணும்படி செய்க. இயலுமாயின், பணம் நம் கைக்கு வாராமல் நேரே பட்டறைக்குப் போகும்படி செய்க. அன்றே தொகையை முடித்துவிட வேண்டிய நிலை நேர்ந்தால், கூடினாலும் குறைந்தாலும் இத்துடன் முடிந்தது என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்க. சொன்னபின் அதில் நிற்க. இடித்தவருக்கும் ஒரு கடமை உண்டு. உள்ளே இருக்கும் சேதம் வெளிப்படுமுன் ஐம்பதோ நூறோ கையில் திணித்து ஓடிவிட நினைப்பதும் இதே குற்றத்தின் மறுபக்கமே.

நீதிமன்றத்தில் வாதிக்கு மேலே ஒரு நீதிபதி அமர்ந்திருக்கிறார். காப்புறுதியில் சேதத்தை மதிப்பிட ஒருவர் வருகிறார். சாலையோரத்து இசைவில் அவ்விருவரும் இல்லை. நட்டமடைந்தவரே வாதியாகவும், மதிப்பீட்டாளராகவும், நீதிபதியாகவும் நிற்கிறார். பிழை செய்துவிட்டோம் என்ற அச்சத்தோடு எதிரே நிற்பவர் நாம் சொன்னதை நம்புவார். அந்நேரத்தில் உண்மைத் தொகையைச் சொல்லுகிறோமா என்பதை எந்தச் சட்டமும் வந்து சோதிக்கப் போவதில்லை. நாமே சோதித்துக்கொள்ள வேண்டும்.