வினையின் பங்காளிகள்

வினைப்பயனை அவரவரே நுகர்ந்தாக வேண்டும் என்னும் கொள்கை, சைவ வைணவ பேதமின்றி, சமண பௌத்தங்களையும் உட்கொண்டு, இந்நாட்டுச் சமயங்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொதுவாய் அமைந்தது. செய்தவன் ஒருவன், அநுபவிப்பவன் வேறொருவன் என்று ஆகிவிட்டால் பிரபஞ்சத்தில் நியாயத்துக்கே இடமில்லாமற் போகும் என்பது அதற்கு ஆன்றோர் கூறிய காரணம். ஆனால் 2021-ஆம் ஆண்டு ஜனவரியில், வடகிழக்குப் பருவமழை விடைபெற்றிருக்க வேண்டிய நாட்களில் காவிரி டெல்டாவில் கொட்டித் தீர்த்த மழையில், அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்த கதிரிலேயே நெல் முளைவிட்டதைக் கண்டவனுக்கு, அந்தக் கொள்கையை எந்த முகத்தோடு அந்த வரப்பில் நின்று சொல்வது என்ற சங்கை எழாமல் இராது. தப்பிய நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனாலோ, கருவியில் ஒரு பிடியைப் போட்டுப் பார்த்து, ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருக்கிறது என்பார்கள். களத்தில் கொட்டி, வெயிலுக்குத் தார்ப்பாயை விலக்குவதும் தூறலுக்கு மூடுவதுமாகக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஒரு மழையைச் சுட்டி, இது இன்னாருடைய புகையால் வந்தது என்று சாதிப்பது விஞ்ஞானத்துக்கு ஒவ்வாது. எனினும், காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அது ஏந்தும் நீராவி ஏறத்தாழ 7 சதவிகிதம் மிகும் என்பதும், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு அளவில் இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது என்பதும் ஐயத்துக்கு இடமில்லாதவை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செல்வம் கண்ட தேசங்கள் எவை என்பதும் உலகறிந்த செய்தி.

இந்நிலையில் உழவனைப் பார்த்து, ‘இது உன் பிராரப்தம்’ என்று ஆறுதல் போலச் சொல்லுகிறவர்கள் நம்மிடையே உண்டு. சாஸ்திரத்தை இதைவிடக் கொடுமையாகப் பிரயோகிக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். என் துன்பத்துக்கு நானே என் வினையைக் காரணமாக எண்ணிப் பொறுத்துக்கொள்வது விவேகம். துன்பத்தை விளைத்தவன் விளைந்த இடத்தில் நின்று அதையே எனக்கு உபதேசிப்பது, திருடன் பறிகொடுத்தவனுக்குத் துறவறம் போதிப்பதை ஒக்கும். மேலும், வினை தனி ஜீவனோடு மட்டும் நிற்பது என்று நம் நூல்கள் விட்டுவிடவுமில்லை. குடிகளைக் காவாத அரசனுக்கு அவர்கள் செய்யும் அதர்மத்தில் ஆறில் ஒரு பங்கு சேரும் என்பது மநுவின் விதி. அரசன் முறை தவறினால் வானம் பொய்க்கும் என்று வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்தில் கூறியதிலும் இந்தப் பொறுப்பே பேசப்படுகிறது. புலால் விஷயத்தில் மநு இன்னும் ஒரு படி மேலே சென்று, கொல்ல இசைந்தவன், கொன்றவன், அரிந்தவன், வாங்கியவன், விற்றவன், சமைத்தவன், பரிமாறியவன், உண்டவன் ஆகிய எல்லாரையும் கொலையாளிகள் வரிசையிலேயே நிறுத்துகிறார். நாங்கள் விற்கிறோம், எரிப்பவர்கள் அவர்கள் என்று சொல்லும் எண்ணெய்க் கம்பெனிகளும், கிடைப்பதை வாங்குகிறோம் என்று சொல்லும் நாமும் ஒளிந்துகொள்ள அந்தப் பட்டியலில் இடமில்லை.

இந்தப் பங்குக் கணக்கை நவீன நீதிமன்றம் ஒன்றும் விசாரிக்க நேர்ந்தது. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைச்சாரலில் உள்ள ஹுவாராஸ் நகருக்கு மேலே, பனியாறு உருகிப் பெருகும் பால்ககோச்சா என்னும் ஏரி இருக்கிறது. 1941-இல் அது உடைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. அவ்வூர்க் குடியானவரும் மலை வழிகாட்டியுமான சவுல் லூசியானோ லியூயா, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. என்னும் மின்சாரக் கம்பெனி தொழில் யுகம் தொடங்கியதிலிருந்து உலகம் வெளிவிட்ட புகையில் ஏறத்தாழ 0.47 சதவிகிதத்துக்குப் பொறுப்பாளி என்றும், ஆகவே தம் வீட்டுக்கு வெள்ளத் தடுப்புச் செய்யும் செலவில் அந்தப் பங்கை அது தர வேண்டும் என்றும் 2015-இல் அந்நாட்டிலேயே வழக்குத் தொடுத்தார். அவர் ஊரில் ஒரு விளக்கைக்கூட ஏற்றியிராத கம்பெனி அது. ஹாம் நகரத்து உயர்நீதிமன்றம் 2025 மே மாதத்தில் வழக்கைத் தள்ளிவிட்டது. அவர் வீட்டை வெள்ளம் எட்டும் அபாயம் போதிய அளவு இல்லை என்பது காரணம். ஆயினும், புகை விட்டவன் உலகின் எந்தக் கோடியில் இருந்தாலும் அதன் விளைவுக்குப் பொறுப்பாளியாகக் கூடும் என்ற தத்துவத்தை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். தோற்ற வழக்குத்தான்; எனினும் ஆறில் ஒன்று என்று மநு வகுத்தது போன்றதொரு பின்னம் பாவத்துக்கும் உண்டு என்பது அங்கே வாய்விட்டுச் சொல்லப்பட்டது.

உழவன் பங்கு சூன்யமா என்று கேட்பவர்களுக்கு, இல்லை என்றே நேர்மையாக விடை கூற வேண்டும். நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றிலிருந்து மீத்தேன் எழுகிறது. அதுவும் உலகைச் சூடேற்றுவதே. இதற்கும் பழைய நூல்களில் ஓர் இடம் உண்டு. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் என்னும் ஐந்தாலும் இல்லறத்தான் அறியாமலே உயிர்களைக் கொல்கிறான் என்றும், நாள்தோறும் செய்யும் ஐந்து வேள்விகள் அதற்குப் பிராயச்சித்தம் என்றும் அவை சொல்லும். உயிர் வாழ்வதற்குத் தவிர்க்கவொண்ணாத வினை வேறு, போகத்துக்காகப் பெருக்கிக்கொண்ட வினை வேறு. வயலைக் காயவிட்டுக் காயவிட்டு நீர் பாய்ச்சினால் மீத்தேன் குறையும் என்கிறார்கள். அந்தப் பிராயச்சித்தத்தை உழவன் செய்யட்டும். ஆனால் ஊராருக்குச் சோறு போடுகிறவனையும் வாரந்தோறும் விமானத்தில் உல்லாச யாத்திரை போகிறவனையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

வால்மீகியைப் பற்றி வழங்கும் கதையில், வழிப்பறி செய்து குடும்பத்தைக் காத்த அந்த வேடன், தன் பாவத்தில் பங்கு கொள்வீர்களா என்று மனைவி மக்களைக் கேட்கிறான். நீ கொண்டுவந்ததை உண்டோம், பாவம் உன்னுடையது என்று அவர்கள் கை விரிக்கிறார்கள். அந்தப் பதில் அவன் கண்ணைத் திறந்தது. 2015-இல் பாரீசில் கூடிய தேசங்களும் ஏறக்குறைய அதே பதிலைத்தான் எழுதி வைத்தன: தாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பருவநிலை மாற்றத்தால் நேரும் இழப்பைப் பற்றிய எட்டாவது விதி எவ்விதப் பொறுப்புக்கோ நஷ்டஈட்டுக்கோ ஆதாரமாகாது என்று உடன் நிறைவேற்றிய தீர்மானத்தில் ஒரு வாசகத்தைச் சேர்த்துக்கொண்டன. வழிப்பறி செய்தவனும் உண்டவனும் இங்கே ஒருவனே ஆதலால் திருந்துவதற்கு ஆளில்லை. பின்னர் 2022-இல் எகிப்தில் கூடியபோது, இழந்தவர்களுக்கு உதவ ஒரு நிதி காண்பதென்று முடிவு செய்தார்கள். விரும்பியவர் விரும்பியதைப் போடலாம். அந்த வாசகம் நிற்கும் வரையில், அந்நிதியில் விழும் பணத்தை நியாயம் என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.